உழுத மண்ணில் நீரும் தாளும்: உவரித் தேரி முதல் கோவில்பட்டிக் கரிசல் வரை ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

திருநெல்வேலிப் பகுதியின் வேளாண் வரலாற்றில் நீர் என்பது அணைக்கட்டு, கால்வாய், குளம் ஆகியவற்றின் வழியாகவும், பயிர்க்கழிவு என்பது எருவின் வழியாகவும் தனித்தனியே பேசப்பட்டு வந்துள்ளன. உழவுபடும் ஒரு சாண் மண்ணுக்குள் இவ்விரண்டும் ஒன்றையொன்று கட்டுப்படுத்துகின்றன. தாமிரபரணி நன்செய், கோவில்பட்டிக் கரிசல், உவரியை அடுத்த தேரி ஆகிய மூவகை நிலங்களை ஒப்பிடும் இக்கட்டுரை, உழுது மடக்கப்படும் தாளும் தழையும் ஒவ்வொரு மண்ணிலும் நீரை வெவ்வேறு வகையில் நடத்துகின்றன என்பதை விளக்குகிறது. எல்லா மண்ணுக்கும் பொதுவான ஒரே விடையைத் தேடிய 20ஆம் நூற்றாண்டின் தொடக்கக்கால அறிவியலில் இவ்வேறுபாடு மறைந்து நின்றது என்பதையும், பயிர்க்கழிவு நிலத்தைவிட்டு வெளியேறும் இன்றைய நிலையில் இது ஏன் முதன்மை பெறுகிறது என்பதையும் எடுத்துரைக்கிறது.

திறவுச் சொற்கள்: உழவு, தாள், தொளி, கரிசல், தேரி, உவரி, மண்ணீரம், மூடாக்கு

1. முன்னுரை

திருநெல்வேலியின் உழவர் வரலாற்றை ஆராய்ந்த டேவிட் லட்டன், 1985இல் வெளிவந்த தம் நூலில், இம்மாவட்டத்தை நீர்வளத்தின் அடிப்படையில் நன்செய், புன்செய், இரண்டும் கலந்த பகுதி என வகுத்துக் காட்டினார். சாதி, நிலவுடைமை, வரி ஆகியவற்றை விளங்கிக்கொள்ள அப்பகுப்பு பெரிதும் துணைசெய்தது. எனினும் அப்பகுப்பில் நீர் என்பது நிலத்திற்கு வந்துசேரும் நீரே ஆகும். வந்துசேர்ந்த நீர் மண்ணுக்குள் எவ்வாறு நடந்தது, எவ்வளவு நேரம் தங்கியது, எவ்வழியே வெளியேறியது என்பவை தனியே ஆராயத்தக்கவை.

இவ்வினாக்களுக்கான விடையில் உழவோடு மண்ணுள் செல்லும் பயிர்க்கழிவுக்கு முக்கிய இடம் உண்டு. தமிழ் உழவர் வழக்கில் இதற்கு ஒரே பொதுச்சொல் இல்லை. நெல்லின் அடிப்பகுதி தாள். கம்பு, சோளம் ஆகியவற்றின் தண்டு தட்டை. பருத்திச் செடியின் காய்ந்த குச்சி மார். பசுமையாக வெட்டி இடப்படுவது தழை. காய்ந்து உதிர்ந்தது சருகு. இப்பெயர்கள் பயிரை மட்டுமன்றி அப்பொருளின் மென்மை, வன்மை, மட்கும் விரைவு ஆகியவற்றையும் உணர்த்துகின்றன. மண்ணுக்குள் நீரின் நடையை இப்பண்புகளே பெரிதும் தீர்மானிக்கின்றன.

2. மண்ணுள் நீர் நடக்கும் முறை

மணற்படுகையின் ஊடே நீர் செல்லும் வேகத்தை அளந்து, 1856இல் பிரெஞ்சுப் பொறியாளர் ஹென்றி டார்சி ஒரு விதியை வெளியிட்டார். அது நீர் நிறைந்து நிற்கும் மண்ணுக்குரியது. உழுத வயலோ பெரும்பாலான நாள்களில் பாதி ஈரமும் பாதிக் காற்றுமாக இருப்பது. அந்நிலையில் நீரை இயக்குவது அதன் எடை மட்டுமன்று, மண்துகள்கள் நீரைப் பற்றியிழுக்கும் விசையுமாகும் என்பதை 1907இல் அமெரிக்க வேளாண் துறையின் எட்கர் பக்கிங்ஹாம் விளக்கினார். 1931இல் எல். ஏ. ரிச்சர்ட்ஸ் இக்கருத்தைச் சமன்பாடாக வடித்தார்.

இதன் நடைமுறைப் பொருள் எளியது. நுண்ணிய புழைகள் நீரை இறுகப் பற்றும். பெரிய இடைவெளிகள் மண் ஏறத்தாழ முழுமையாக நனைந்த பின்னரே நீரைக் கடத்தும். உழவு பெரிய இடைவெளிகளை உருவாக்குகிறது. அவ்வாறு பிளந்த மண்ணில் தாளோ தட்டையோ கலந்து நின்றால் இடைவெளிகள் மழையின் அடியில் உடனே மூடிக்கொள்வதில்லை. நீர் எளிதில் உட்புகும். ஆனால் அதே தாள் மண்ணோடு கலவாமல் கொழு சென்ற ஆழத்தில் தனிப்படையாகக் கிடந்தால் நிலைமை மாறுகிறது. மேல்மண்ணின் நுண்புழைகளிலுள்ள நீர் அப்பருமனான படையைக் கடக்காமல் அதன்மேல் தேங்குகிறது. கீழிருந்து ஏறிவரும் ஈரமும் அப்படையில் தடைபடுகிறது. தாள் மட்கிய பின்னர் மண்துகள்கள் குருணைகளாகத் திரண்டு, நீரை ஏற்கும் திறனும் பிடித்துவைக்கும் திறனும் கூடுகின்றன. எனவே மடக்கி உழப்பட்ட தாள் நன்மை செய்யுமா, தீமை செய்யுமா என்பதற்கு மண், ஆழம், காலம் ஆகிய மூன்றையும் குறிப்பிடாமல் விடை கூற இயலாது.

3. குறளின் புழுதி

உழுத மண்ணின் ஈரத்தை அளவோடு பேசும் பழந்தமிழ்ச் சான்றுகளுள் திருக்குறளின் உழவு அதிகாரத்தில் அமைந்த 1037ஆம் குறள் குறிப்பிடத்தக்கது. ஒரு பலம் புழுதி கால் பலமாகுமாறு காயவிட்டால் ஒரு பிடி எருவும் வேண்டாமலே பயிர் செழிக்கும் என்பது அதன் கருத்து. பரிமேலழகரும் இப்பொருளிலேயே உரை கண்டார். இக்குறள் எருவைப் பற்றியதாகவே பெரிதும் எடுத்தாளப்படுகிறது.

கூறப்பட்ட அளவை எடையாகக் கொண்டால் உழுத மண்ணின் எடையில் முக்கால் பங்கு நீராக இருந்திருத்தல் வேண்டும். கரிசல் உட்பட எந்த வயல்மண்ணும் அவ்வளவு நீரைக் கொள்ளாது. ஆகவே அதனை நன்கு காயவிடுதலை வலியுறுத்தும் உயர்வுநவிற்சியாகக் கொள்வதே பொருந்தும். ஆயினும் காய்தலுக்கும் விளைச்சலுக்கும் இடையே கூறப்பட்ட தொடர்பு கற்பனையன்று. முற்றக் காய்ந்த மண் மீண்டும் நனையும்போது அதிலுள்ள வேர், தாள் முதலியவற்றின் எச்சம் விரைந்து சிதைந்து தழைச்சத்து வெளிப்படுவதை 1958இல் எச். எஃப். பர்ச் கிழக்கு ஆப்பிரிக்க மண்ணில் செய்த ஆய்வுகளைக் கொண்டு விளக்கினார். வெளியிலிருந்து எரு இடாத நிலத்தில் எருவாக நிற்பது முந்தைய பயிரின் எச்சமே; அதனைத் திறக்கும் திறவுகோல் காய்தலும் நனைதலும் மாறிமாறி நிகழ்வது. வள்ளுவர் காலத்து உழவர் இக்காரணத்தை அறிந்திருந்தனர் என வாதிட இடமில்லை. விளைவைக் கண்டறிந்திருந்தனர் என்பதற்கு இக்குறள் சான்றாகிறது. அடுத்த குறள் உழுதலினும் எருவிடுதல் நன்று என்று உரைக்கிறது. இரண்டையும் இணைத்து நோக்கின், எருவின் தேவை மண்ணின் ஈரநிலையைப் பொறுத்து மாறும் என்ற புரிதல் புலனாகிறது.

4. தாமிரபரணி நன்செய்: நீரை நிறுத்தும் உழவு

தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளுள் கோடைமேலழகியான் முதல் மருதூர் வரையிலான ஏழும் பழையவை. ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலேயர் ஆட்சியில் கட்டப்பட்டது. இவற்றின் பாசனத்தில் காரும் பிசானமும் விளைந்தன. இவ்வயல்களில் உழவின் நோக்கம் நீரை உள்ளே விடுவதன்று, நிறுத்துவதே ஆகும். நீர் நின்ற வயலைப் பலசால் உழுது சேறாக்கும் தொளி உழவு மண்குருணைகளை உடைத்துப் பெரிய இடைவெளிகளை அடைக்கிறது. ஆண்டுதோறும் இவ்வாறு செய்வதால் உழவாழத்தின் அடியில் இறுகிய படை ஒன்று உருவாகிறது. பரம்படித்து மட்டமாக்கிய வயலில் நீர் கீழிறங்குவது மிகவும் குறைகிறது.

சேற்றில் மிதித்துப் புதைக்கப்படும் தழை இங்கு உரமாகவே மிகுதியும் பயன்படுகிறது. ஆனால் அத்தழை எங்கிருந்து வந்தது என்பதில் நீரின் பங்கு உண்டு. பிசான நெல்லுக்குப் பின் வயலில் எஞ்சிய ஈரத்தைக் கொண்டே கொளுஞ்சி முளைத்துக் கோடையைத் தாங்கி வளரும். மாடுகள் அதனை விரும்பி மேய்வதில்லை. ஆதலால் வேலியில்லாத வயலிலும் அது எஞ்சி நிற்கும். கார் உழவின்போது அது மடக்கப்படும். இவ்வகையில் ஒரு போகத்தில் மிஞ்சிய ஈரம் அடுத்த போகத்தின் தழையாக மாற்றப்பட்டது.

தாளுக்கும் நீருக்கும் உள்ள உறவு கோடையில் வெளிப்படையாகிறது. அறுவடைக்குப் பின் உழாமல் விடப்பட்ட நெல்வயல் காய்ந்து வெடிக்கும். கார் பருவத்திற்கு மடை திறக்கும்போது முதல்நீர் அவ்வெடிப்புகளின் வழியே இறுகிய படையையும் கடந்து கீழே போய்விடுகிறது. அறுவடை முடிந்து ஈரம் இருக்கும்போதே தாளோடு மேலாக உழுதால் உதிரிமண் வெடிப்புகளை அடைத்து இவ்விழப்பைக் குறைக்கும் என்பதைப் பிலிப்பைன்சில் உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வுகள் காட்டியுள்ளன. இது ஒரு வயலின் நன்மையோடு முடிவதன்று. கால்வாயின் தலைப்பகுதியில் முதல்நீர் குறைவாகச் செலவழிந்தால் கடைமடைக்கு அது விரைவில் சென்றுசேரும். தலைமடைக்கும் கடைமடைக்கும் இடையிலான பூசல், மடையின் அகலத்தைப் பற்றியது மட்டுமன்று; உழவின் காலத்தையும் பற்றியது என்பது இதனால் பெறப்படுகிறது.

5. காலனியக் காலம்: எருவும் புழுதிப்போர்வையும்

1889இல் இந்தியாவிற்கு அனுப்பப்பட்ட ஜான் அகஸ்டஸ் வோல்க்கர், 1893இல் வெளியான தம் அறிக்கையில் இந்திய உழவரின் திறனை மதித்து எழுதினார். சாணம் எரிபொருளாகி விடுவதால் நிலம் எருவை இழக்கிறது என்பது அவர் எழுப்பிய முதன்மையான கவலை. விறகும் தீவனமும் தரும் காடுகளை வளர்த்தலை அவர் தீர்வாக முன்வைத்தார். பயிர்க்கழிவை உரக்கணக்கில் வைத்துப் பார்க்கும் மரபு நிர்வாகத்தில் வேரூன்ற இவ்வறிக்கையும் துணைசெய்தது.

நீரைப் பொறுத்தவரை, அக்கால அறிவியல் அமெரிக்காவிலிருந்து வேறொரு கருத்தைப் பெற்றது. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் எஃப். எச். கிங், ஆழத்திலுள்ள ஈரம் நுண்புழைகள் வழியே மேலேறி ஆவியாகிறது என்றும், மேல்மண்ணைக் கிளறிப் புழுதியாக்கினால் அவ்வழி அறுபட்டு ஈரம் காக்கப்படும் என்றும் விளக்கினார். தக்கோட்டாவின் ஹார்டி வெப்ஸ்டர் காம்ப்பெல் இதனை வறண்ட நில வேளாண்மையின் அடிப்படை முறையாகப் பரப்பினார். புழுதியே போர்வை என்னும் இம்முறையில் தாளுக்கும் தட்டைக்கும் இடமில்லை. அவை புழுதியைக் கெடுக்கும் இடையூறுகளாகக் கருதப்பட்டன.

இக்கருத்து பின்னர் ஐயத்திற்குள்ளாயிற்று. பூசா ஆராய்ச்சி நிலையத்தின் வேதியியலாளர் ஜே. டபிள்யூ. லெதர், வறண்ட காலத்தில் மண் இழக்கும் நீரை ஆழவாரியாக அளந்து 20ஆம் நூற்றாண்டின் முதற்பத்தாண்டிலேயே வெளியிட்டார். 1920களில் இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் நிலையத்தில் பி. ஏ. கீன் மேற்கொண்ட ஆய்வுகள், நிலத்தடி நீர்மட்டம் மிக அருகில் இல்லாதவரை நுண்புழை ஏற்றத்தால் மேலேறும் நீர் மிகக் குறைவே என்று காட்டின. மேல்மண் காய்ந்தவுடன் அதுவே கீழுள்ள ஈரத்திற்குக் காப்பாகிறது. மீண்டும் மீண்டும் கிளறுவதால் கிடைக்கும் நன்மை களையை ஒழித்தலே என்ற முடிவு வலுப்பெற்றது. புழுதியாக்கப்பட்ட அமெரிக்கச் சமவெளிகளின் மேல்மண் 1930களில் காற்றில் பறந்தது. அதன் பின்னர் நெப்ராஸ்காவில் எஃப். எல். டூலி, மழைத்துளி மேல்மண்ணை உடைத்து உண்டாக்கும் மெல்லிய பொறுக்கே நீர் உட்புகுதலைத் தடுக்கிறது என்றும், மேலே பரப்பிய வைக்கோல் அதனைத் தவிர்க்கிறது என்றும் 1939இல் எழுதினார். ஆழத்திலிருந்து ஏறும் நீரை அறுப்பதைவிட மேலிருந்து விழும் நீருக்கு வழிவிடுவதே முதன்மையானது என்னும் நிலைக்கு அறிவியல் வந்துசேர்ந்தது. இடையூறாகக் கருதப்பட்ட தாள் கருவியாக மாறியது.

6. கோவில்பட்டிக் கரிசல்: நீரைச் சேமிக்கும் உழவு

1986 வரை திருநெல்வேலி மாவட்டத்தில் அடங்கியிருந்த கோவில்பட்டியில் 1901இல் வேளாண் ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது. கருங்கண்ணிப் பருத்தியின் மேம்பாட்டோடு இணைத்தே இந்நிலையம் பெரிதும் நினைக்கப்படுகிறது. சற்றேறக்குறைய 700 மில்லிமீட்டர் ஆண்டு மழையில் பெரும்பகுதி வடகிழக்குப் பருவத்தின் சில வாரங்களுக்குள் பெய்துவிடும் இப்பகுதியில், அம்மழையைத் தை, மாசி வரை மண்ணில் வைத்திருப்பதே வேளாண்மையின் அடிப்படைச் சிக்கல்.

கரிசல் நனைந்தால் பொங்கும், காய்ந்தால் வெடிக்கும். பருவத்தின் முதல் மழை வெடிப்புகளின் வழியே நேரே ஆழத்திற்குச் செல்கிறது. மண் பொங்கி வெடிப்பு மூடியபின் மழை மெதுவாகவே இறங்குவதால் மேலோடும் நீர் மிகுகிறது. காயும்போது வெடிப்புகளின் பக்கச்சுவர்களும் ஈரத்தை இழக்கின்றன. கோடை உழவும் பயிரிடையே ஊடுழவும் வெடிப்பை உடைத்து மூடுவதால் இம்மண்ணில் பயன் தருகின்றன. புழுதிப்போர்வைக் கொள்கை ஆட்டங்கண்ட பின்னரும் கரிசல் உழவர் தம் வழக்கத்தைக் கைவிடாமைக்கு இது போதிய காரணமாகும். அமெரிக்க வண்டல்மண்ணை முன்வைத்து எழுந்த விவாதம் வெடிக்கும் மண்ணுக்கு அப்படியே பொருந்தவில்லை.

1930களின் நடுப்பகுதியில் இம்பீரியல் வேளாண் ஆராய்ச்சிக் கழகம் வறண்ட நில வேளாண்மை ஆய்வுகளைச் சோலாப்பூர், பிஜாப்பூர், ஹகரி, ரெய்ச்சூர், ரோத்தக் ஆகிய ஐந்து இடங்களில் தொடங்கியது. சென்னை மாகாணத்திற்குரிய மையமான ஹகரி, அன்று அதன் பகுதியாக இருந்த பெல்லாரி மாவட்டத்தில் அமைந்தது. 1970இல் தொடங்கிய அனைத்திந்திய வறண்ட நில வேளாண்மை ஒருங்கிணைந்த ஆராய்ச்சித் திட்டத்திலேயே கோவில்பட்டியும் ஒரு மையமாயிற்று. நிலத்தைச் சிறு பாத்திகளாக வரப்பிட்டு மழையை நிறுத்துதல், பருவமழைக்கு முந்தைய விதைப்பு ஆகியவை இங்குப் பரிந்துரைக்கப்பட்டன. பெல்லாரிக் கரிசலில் சோளத்தட்டையைக் குறுகிய பள்ளங்களில் செங்குத்தாக நிறுத்தி, அதன் மேல்முனை வெளியே தெரியுமாறு விடும் செங்குத்து மூடாக்கு முறை ஆராயப்பட்டது. மண் பொங்கி மூடினாலும் தட்டை நிற்கும் இடத்தில் நீர் இறங்க வழி திறந்தே இருக்கும் என்பது இதன் அடிப்படை. தொளியில் மிதித்து அடைக்க உதவிய பயிர்க்கழிவு, கரிசலில் வாயில் திறந்துவைக்கப் பயன்படுகிறது.

7. தேரியும் உவரியும்: இறங்கும் நீரும் ஏறும் உப்பும்

மன்னார் வளைகுடாக் கரையில் அமைந்த உவரிக்கு உள்நாட்டுப் பக்கத்தில் செம்மணல் தேரிகள் பரவியுள்ளன. இங்குக் கிடைத்த நுண்கற்கருவிகளைப் பற்றி ஃபிரெடெரிக் சொய்னரும் பிரிஜெட் ஆல்ச்சினும் 1956இல் வெளியிட்ட ஆய்வு, இம்மணல்மேடுகளின் தொன்மையையும் அங்கு மனிதர் வாழ்ந்ததையும் காட்டுகிறது. 1841 முதல் கால்டுவெல் பணியாற்றிய இடையன்குடியும் இப்பகுதியைச் சேர்ந்ததே.

இரும்புத்துரு படிந்த இம்மணலில் களிமண் மிகக் குறைவு. பெய்த மழை ஓடாமல் உடனே இறங்கிவிடும்; பனை போன்று ஆழ வேரோடும் மரங்களே அதனை எட்டிப் பிடிக்கும். இங்கு நீரை உட்புகுத்துவதற்குப் பயிர்க்கழிவு தேவையில்லை. இறங்கும் நீரை வேர்ப்பகுதியில் சற்றே தாமதப்படுத்துவதற்குத் தேவை. குளத்துக் கரம்பையை மணல்நிலத்தில் பரப்பி உழுவதும், மட்கும் பொருளைப் புதைப்பதும் இதே நோக்கத்தை நிறைவேற்றுகின்றன. யாழ்ப்பாணத்துத் தோட்டங்களில் பனையோலையை வெட்டிப் புதைக்கும் வழக்கம் இதற்கு ஒப்புமையாகக் கருதத்தக்கது. நெல்தாளைவிட மெதுவாக மட்கும் ஓலை, மண்ணில் நீண்டநாள் தங்கி ஈரத்தையும் தாங்குகிறது.

கடலை நெருங்கும்போது சிக்கல் தலைகீழாகிறது. உவரி என்ற சொல்லுக்கே உவர்நீர், கடல் என்னும் பொருள்கள் உண்டு. உப்புநீர் மேலாக நிற்கும் கடலோரத் தாழ்நிலங்களில் நுண்புழை ஏற்றம் பொருட்படுத்தத்தக்கது. ஏறும் நீர் ஆவியாகி உப்பை மேல்மண்ணில் விட்டுச்செல்லும். கீன் விலக்காகக் குறிப்பிட்ட, நீர்மட்டம் அருகிலுள்ள நிலம் இதுவே. எனவே மேல்மண்ணின் நுண்புழைத் தொடர்பை அறுக்க வேண்டும் என்ற கிங்கின் கருத்து இங்கு மட்டும் மீண்டும் பொருள் பெறுகிறது. சீனாவின் உள்மங்கோலியாவில் ஹெடாவ் பாசனப் பகுதியின் உவர்நிலங்களில், உழவாழத்திற்குக் கீழே வைக்கோலைத் தனிப்படையாகப் புதைத்தபோது உப்பு மேலேறுதல் குறைந்தது என அண்மைக்கால ஆய்வுகள் நிறுவியுள்ளன. கரிசலில் குறையாகக் கருதப்படும் தனிப்படை, உவர்நிலத்தில் காப்பாகிறது.

8. தாளுக்கான போட்டி

மண்ணுக்குரிய இப்பயன்கள் அறியப்பட்டிருப்பினும் தாள் எளிதில் மண்ணுக்குக் கிடைப்பதில்லை. வைக்கோலும் தட்டையும் மாட்டுக்குத் தீவனம். பருத்திமார் அடுப்புக்கு விறகு. ஓலை கூரைக்கும் வேலிக்கும் உரியது. அறுத்த வயலில் ஆட்டுக்கிடை அமர்த்தும் வழக்கத்தில், தாள் கால்நடையின் வயிற்றின் வழியே எருவாக நிலத்திற்குத் திரும்பியது. பள்ளு இலக்கியங்களில் கிடை அமர்த்தும் பகுதி இடம்பெறுவது இச்சுழற்சியின் முதன்மையை உணர்த்தும். எரு திரும்பியது, ஆனால் மண்ணைத் திறந்துவைக்கும் நீண்ட தண்டாகத் தாள் திரும்பவில்லை. கால்நடை குறைந்து, அறுவடை இயந்திரமும் வைக்கோல் கட்டும் இயந்திரமும் பெருகிய இன்று, கட்டப்பட்ட வைக்கோல் விலைப்பொருளாகிக் கேரளம் வரை செல்கிறது. பழைய சுழற்சியில் ஒரு பகுதியாவது நிலத்திற்கு மீண்டது. இப்போது அதுவும் மீள்வதில்லை. சிறு உழவருக்கு அவ்வருவாய் இன்றியமையாதது என்பதால் இதனை அறியாமை எனக் குறைகூறுதல் பொருந்தாது.

இதே காலத்தில் இப்பகுதிக்கு நீர் கொண்டுவரும் முயற்சிகளும் பெருகின. 2009இல் தொடங்கிய தாமிரபரணி, கருமேனியாறு, நம்பியாறு இணைப்புத் திட்டத்தின் ஏறத்தாழ 75 கிலோமீட்டர் நீளமுள்ள வெள்ளநீர்க் கால்வாய், 2025 பிப்ரவரியில் பயன்பாட்டிற்குத் திறந்துவைக்கப்பட்டது. அதன் கடைக்கோடி தேரி நிலமாகும். 2021ஆம் ஆண்டு வெள்ளத்தின்போது திசையன்விளையை அடுத்த ஆயன்குளத்தில் ஒரு கிணறு பல நாள்கள் நீரை உள்வாங்கியும் நிரம்பாமல் இருந்தது. நிலத்தடிச் சுண்ணாம்புப்பாறையில் அமைந்த குகைவழிகளே காரணம் எனச் சென்னை ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் விளக்கினர். ஆழத்திற்குச் செல்லும் நீர் வீணன்று. அது நிலத்தடி நீரைப் பெருக்கிக் கடல்நீரின் உட்புகுதலை எதிர்க்கும். எனினும் பயிரின் வேருக்கு அது பயன்படுவது, மேலுள்ள ஒரு சாண் மண் அதனைத் தாங்கும் அளவைப் பொறுத்ததே ஆகும்.

9. முடிவுரை

மேற்கண்டவற்றால் மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. ஒன்று, உழவில் மடக்கப்பட்ட பயிர்க்கழிவு, நன்செயில் எஞ்சிய ஈரத்தின் சேமிப்பாகவும் வெடிப்பின் அடைப்பாகவும், கரிசலில் நீருக்கு வாயிலாகவும், தேரியில் தாமதமாகவும், உவர்நிலத்தில் தடையாகவும் செயல்படுகிறது. இரண்டு, புழுதிப்போர்வைக் கொள்கை பொய்யாகவும் இல்லை, பொதுவாகவும் இல்லை. அதன் குறை, தனக்குரிய மண்ணை வரையறுக்காமையே. மூன்று, எருவின் வரலாற்றையும் பாசனத்தின் வரலாற்றையும் பிரித்தெழுதிய மரபினால், தாள் நிலத்தைவிட்டு நீங்கும்போது உரம் மட்டுமே இழக்கப்படுகிறது என்ற எண்ணம் நிலைபெற்றது. உரத்தை மூட்டையாக வாங்கி ஈடுசெய்யலாம். மண்ணின் நீர்வழியை அவ்வாறு வாங்க இயலாது.

தொளி, புழுதி, கரம்பை, தாள், தட்டை, மார் என வழங்கும் உழவுச் சொற்களை நிலவகையோடும் பருவத்தோடும் இணைத்துத் தொகுத்தல் இத்துறையில் அடுத்து மேற்கொள்ளத்தக்க பணியாகும். அச்சொற்களை அவற்றுக்குரிய மண்ணோடு சேர்த்து அறிந்தோர் குறைந்துவரும் காலத்தில், அத்தொகுப்பு மொழியாய்வுக்கும் வேளாண் வரலாற்றுக்கும் ஒருங்கே பயன்படும்.